சாவடிச் சுவரில் இரண்டு எண்கள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையின் இரு பக்கமும் கிளை பிரியும் பாதைகளில் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே கிடையாது. வீட்டுக்கொருவர் ராணுவத்தில் இருந்த ஊர் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை அந்தப் பக்கம்தான். எங்கள் ஊருக்கு அவ்வளவு புகழ் இல்லை. ஆனாலும் எங்களுக்கும் ஒரு கல் உண்டு. ஊர்ச் சாவடியின் கிழக்குச் சுவரில், பெரியவர்களின் மார்பளவு உயரத்தில் பதித்த வெள்ளைச் சலவைக்கல். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். போனவர் கணக்கு ஒன்று, திரும்பாதவர் கணக்கு ஒன்று, அவ்வளவுதான். பெயர் என்று ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊரில் மட்டுமல்ல, பஞ்சாபிலும் மராட்டியத்திலும்கூட ஆள் கொடுத்த ஊர்களில் வெள்ளைக்கார அரசு இதே வாசகத்தைப் பதித்தது. ஊரும் எண்ணும்தான் மாறும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரிலோ பழைய தாலுகா ஆபீசிலோ, வருஷா வருஷம் வெள்ளையடித்ததில் சுண்ணாம்பு ஏறி மறைந்துபோன ஒரு பலகைக்கல் இருக்கக்கூடும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள்.

அது போர்க்கல் என்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அது எங்களுக்குக் கண்ணாமூச்சியின் தாச்சிக் கல். ஒளிந்தவன் ஓடிவந்து அதைத் தொட்டுவிட்டால் தப்பித்தான். சித்திரை வெயிலில் ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது சாவடிக்குள் அந்தக் கல் மட்டும் குளிர்ந்திருக்கும். கண்ணை மூடி எண்ணுகிற பையன் கன்னத்தை அதன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, விளையாட்டு நீளட்டும் என்றே மெதுவாக எண்ணுவான். நூறு எண்ணி முடித்துத் திரும்பும்போது வெட்டெழுத்தின் தடம் கன்னத்தில் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. குளிர்பதனம் வைத்த அறைகளில் எத்தனையோ கோடைகளைக் கழித்தாயிற்று, எந்த அறையும் அதைத் தரவில்லை.

ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் எழுத்துக் கூட்ட வந்ததும் நான் முதலில் வாசித்துப் பழகியது பாடப்புத்தகத்தையல்ல, அந்தக் கல்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயாவிடம் எண்ணைச் சொன்னேன். ஆயா முறத்தைக் கீழே வைத்தாள். எழுத்து வாசனையே இல்லாதவள், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. மேட்டுத் தெருவில் ஆரம்பித்து, கோயில் தெரு, குளத்துத் தெரு, கிணற்றடி என்று வீடு வீடாக மனத்துக்குள் நடந்து, யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு அண்ணன், யாரைக் கட்டிக்கொண்டு எத்தனை மாதத்தில் போனான் என்று சொல்லிக்கொண்டே விரல் மடக்கினாள். தெரு முடிந்ததும் ஏரிக்கரை தாண்டிச் சேரிக்குப் போனாள், அங்கேயும் வீடு விடாமல் எண்ணினாள். கடைசி விரல் மடங்கியபோது அவள் கணக்கும் கல்லின் கணக்கும் ஒன்றாக இருந்தன. திரும்பாதவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன். ஆடி அமாவாசைக்கு அவள் வீட்டில் இலை போட்டுப் படைத்துவிட்டு, வேர்க்கடலை உருண்டையும் ஒரு சுருட்டும் கொண்டுபோய்ச் சாவடிக் கல்லுக்கு எதிரே வைத்துக் கற்பூரம் ஏற்றுவாள். எரித்த சாம்பல் வரவில்லை, புதைத்த இடம் தெரியவில்லை, வேறு எங்கே போய்ப் படைப்பாள்? சுருட்டு எங்களுக்கு உதவாது. உருண்டைக்காக நாங்கள் எத்தனை பயபக்தியோடு கைகட்டி நின்றிருப்போம்!

அந்தத் தலைமுறையில் போய்த் திரும்பியவர்களில் ஒரு பட்டாளத்துத் தாத்தா நாங்கள் பையன்களாக இருந்தபோதும் உயிரோடிருந்தார். காது கேட்காது, குரல் மட்டும் கணீரென்றிருக்கும். மாலையில் சாவடித் தூணில் சாய்ந்துகொண்டு, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போன கதையைச் சொல்வார். “ஜெர்மன்காரன் சுட்டதுகூடப் பரவாயில்லடா. தேனீ தொரத்துச்சி பாரு, அதுக்குத்தான்டா பட்டாளமே ஓடிச்சி.” நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தேனீயைப் பற்றிச் சொல்லச் சொல்லி நச்சரித்து, ஒவ்வொரு முறையும் தேனீ இன்னும் கொஞ்சம் பெரிதாவதைக் கேட்டு வளர்ந்தோம். பின்னாளில் புத்தகங்களைப் புரட்டியபோது கதை அப்படியே அச்சில் இருந்தது. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் தங்கா துறைமுகத்தில் ஆங்கிலேயர் தரையிறக்கிய படையில் 63ஆம் பாளையங்கோட்டை இன்ஃபன்ட்ரியும் 61ஆம் பயனியர்ஸும் இருந்தன. சண்டை நடுவே காட்டுத் தேனீக்கள் கலைந்து இரு தரப்பையும் கொட்டின. தோற்றுப்போன அந்தச் சண்டைக்கே தேனீச் சண்டை என்று பெயர் நிலைத்துவிட்டது. சரித்திர ஆசிரியர்கள் சில பத்திகளில் முடித்ததைத் தாத்தா எங்களுக்கு எத்தனையோ மாலைகள் நீட்டிச் சொன்னார், கையில் கொட்டு வாங்கிய இடத்தையும் காட்டினார்.

அப்போதெல்லாம் பட்டாளம் என்பது எங்களுக்குச் சாவோடு சம்பந்தப்பட்ட சங்கதியாகவே இருக்கவில்லை. அது லீவில் வருகிற அண்ணன்களோடு சம்பந்தப்பட்டது. மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கி, காட்பாடிக்கு வண்டி மாறி, வேலூரில் பஸ் பிடித்து, கூட்டு ரோட்டில் இறங்குகிற அண்ணனுக்காக ஊர்ப் பையன்கள் பாதி வழியிலேயே காத்திருப்போம். கறுப்புத் தகரப் பெட்டியை ஒருவனால் தூக்க முடியாது. வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய அந்தப் பெட்டியை நாலு பேர் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கி வருவோம். பெட்டி திறக்கும்போது எழும்பும் வாசனை இருக்கிறதே, பாச்சா உருண்டையும் பூட்ஸ் பாலிஷும் வடநாட்டு சோப்பும் கலந்த வாசனை, அது தெருக்கோடிவரை போகும். பெண்களுக்கு ஸ்வெட்டர் நூல், பெரியவர்களுக்குக் கம்பளி, அப்பாவுக்கு மட்டும் மறைவாகக் கேன்டீன் ரம், எங்களுக்குச் சில்லென்று பனி கொட்டும் மலைகளைப் பற்றிய கதைகள். எங்கள் ஊர் முருங்கை மரத்தடியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தமிழும் இந்தியும் கலந்து அந்த அண்ணன்கள் சொன்ன பதான்கோட்டும் ஜோஷிமட்டும் தவாங்கும் எனக்கு இன்றுவரை அவர்கள் சொன்ன மாதிரியேதான் மனத்தில் நிற்கின்றன. பிறகு ரயிலேறிப் போய்ச் சிலவற்றைப் பார்த்தேன். சொன்னதில் குறைவில்லை.

இப்போது அண்ணன்களின் பேரன்கள் லீவுக்கு விமானத்தில் சென்னைக்கு வந்து, கார் பிடித்து வாசலிலேயே இறங்குகிறார்கள். இழுத்துப் போகும் சக்கரப் பெட்டி, தூக்க ஆள் தேவையில்லை. தினமும் இரவு அம்மாவோடு வீடியோவில் பேசுகிறார்கள், என்ன குழம்பு என்று கேட்டு, பாத்திரத்தைக் காட்டச் சொல்கிறார்கள். பெற்ற வயிற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊருக்குத்தான் அவர்கள் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. முன்பு ஒரு கடிதம் வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. இடத்தின் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் அண்ணன் எந்த மலையில் எந்தக் கூடாரத்தில் இருக்கிறான் என்று ஊகிப்பது சாவடியின் சாயங்கால வேலை.

எதிர்வீட்டு அத்தையின் மகனுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. அத்தை வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள், நான் நீல இன்லேண்டை மடியில் வைத்த பலகைமேல் விரித்துக்கொள்வேன். “எழுது கண்ணு. ஆடு ரெண்டு குட்டி போட்டுது. வடக்குக் கொல்லையில மல்லாட்ட புடுங்கியாச்சி. அப்பாவுக்கு இருமல் தேவலாம். அவனுக்குப் புடிச்ச கருவாடு வாங்கும்போதெல்லாம் எனக்கு எறங்கறதில்லன்னு எழுது.” நான் எழுதி முடித்ததும், “இன்னா எழுதுன, படிச்சிக் காட்டு” என்பாள். ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று மடிப்பும் எழுதி நிறைந்தபிறகு, ஒட்டும் ஓரத்தில் மிச்சமிருக்கும் விரற்கடை இடத்தில் என் சொந்தச் செய்தி ஒன்றை நுழைப்பேன்: அண்ணா, வரும்போது ஒரு தோட்டா உறை கொண்டு வாங்க.

1971 டிசம்பரில் சண்டை மூண்டபோது பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊர் கூடும். டாக்கா விழுந்த செய்தி வந்த இரவில் சாவடியில் சரவெடி வெடித்தோம். தந்தி அதற்கப்புறம் வந்தது. தந்திக்காரர் ஊர் எல்லையிலேயே சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். தந்தி என்றாலே என்னவென்று தெரிந்த காலம் அது, அவர் கடந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் வாசலுக்கு வந்து, தங்கள் வீட்டில் நிற்கவில்லை என்று கண்டபின் அவர் பின்னாலேயே நடந்தார்கள். அந்தச் சண்டைகளில் விழுந்தவர்களை அங்கங்கே போர்முனையிலேயே தகனம் செய்துவிடுவார்கள், உடல் ஊருக்கு வருவது அபூர்வம். சில மாதம் கழித்துத் தகரப் பெட்டிதான் வந்தது. அதே நாலு பையன்கள்தான் தூக்கி வந்தோம். உள்ளே துவைத்து மடித்த இரண்டு சட்டை, சவர செட், பாதி தேய்ந்த சோப்பு, முருகன் படம், கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு. எல்லாம் என் கையெழுத்து. ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், மெருகேற்றி வைத்த ஒரு தோட்டா உறை.

அத்தை அந்தக் கடிதங்களை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். தேதி வாரியாக, ஆடு குட்டி போட்டதிலிருந்து. முழுவதும் வாசித்தேன்.

இதையெல்லாம் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லில் பெயர் இல்லை என்பது அந்தக் காலத்தில் யாரையும் உறுத்தவில்லை. பெயர் ஊர் வாயில் இருந்தது. கல்லுக்கு அதைச் சுமக்கும் வேலை இல்லை. சாவடியில் இரவு படுத்தவர்களும், திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்தவர்களும் போனபிறகுதான் அந்த எண்கள் வெறும் எண்களாயின. நாம் பெயர் எழுதத் தெரியாத நாட்டவர்களும் அல்ல. எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், செங்கம் வட்டாரம் நெடுக நடுகற்கள். கல்லைக் கண்டு தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்லில்கூட, ஆநிரைச் சண்டையில் விழுந்தவனின் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் என் மனம் தங்குவது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் விழுந்தபிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், கோவிவன் என்று. கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது. 1,400 ஆண்டுக்கு முன் ஒரு மாட்டுக்கொட்டில் சண்டையில் நின்ற நாய்க்குக் கிடைத்த மரியாதை, கடல் கடந்து உலகப் போரில் மாண்ட எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

எங்கள் கல்லோடு மட்டும் நின்ற குறையும் அல்ல இது. பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 1927இல் திறந்த இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்களை வெட்டினார்கள். அதே போரில் மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் திறந்த சின்னத்திலோ, இந்தியப் படைகளில் அதிகாரிகளின் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டு, சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகப் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் போனது பஸ்ராவுக்குத்தான். குளத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு இன்னமும் பசராக்காரர் வீடு என்றுதான் பெயர். 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பஸ்ராச் சின்னத்தையே 1997இல் சதாம் உசேன் அரசு கழற்றிப் பாலைவனத்துக்கு நகர்த்திவிட்டிருந்தது. ஆனால் பெயர்கள் பதிவேடுகளில் இருந்தன. இப்போது அவற்றைக் கைபேசியிலேயே தேடலாம். இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு, மெட்ராஸ் என்று சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி, ஆங்கிலேய குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டலில் எங்கள் ஊர் எப்படியெல்லாம் சிதைந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத் தேடி, ஒரு ராத்திரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தாள். “தாத்தா, ஒருத்தர் கிடைச்சிட்டாரு.” ஆயா விரல்விட்டு எண்ணியதை அவள் விரல் தேய்த்து எண்ணத் தொடங்கியிருக்கிறாள்.

சேரியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. சென்னைச் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்தார் பெருமளவில் இருந்தார்கள், பாலம் கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், குண்டுக்கு நடுவில் முள்வேலி அறுத்தார்கள். எங்கள் ஏரிக்கரைக்கு அப்பாலிருந்து போனவர்கள் பெரும்பாலும் அந்தப் படைக்குத்தான் போனார்கள். ஊரும் சேரியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்காத, ஒரே டம்ளரில் டீ குடிக்காத காலத்தில், இரண்டையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாக எழுதியது சாவடிக் கல் மட்டும்தான். அந்தச் சாவடித் திண்ணையில் ஏறி உட்கார, அந்த எண்ணில் அடங்கிய ஒருவரின் தம்பிக்கு உரிமை இருக்கவில்லை. தெருவில் நின்றபடி சுவரைப் பார்த்துவிட்டுப் போவார். நான் பார்த்திருக்கிறேன்.

1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப் படையில் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சாவுகளை ஊர் எப்படி அழுவது என்று தெரியாமல் தவித்தது. ஒருபக்கம் பெற்ற பிள்ளை, மறுபக்கம் அங்கே மடிந்த நம் மக்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது, மகனை இழந்த தாய்க்கு அதனால் ஆறுதல் இல்லை. அந்த வீட்டுத் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்தவர்கள் மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தார்கள்.

கார்கில் எல்லாவற்றையும் மாற்றியது. 1999 கோடையில்தான் கொடி போர்த்திய பெட்டிகள் முதன்முறையாக ஊர் ஊராக வந்திறங்கின. திருச்சி மேஜர் சரவணனின் உடல் பட்டாலிக் மலையிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் மீட்கப்பட்டு வந்தது என்பதும், அதற்காகத் திருச்சியே திரண்டதும் பலருக்கு நினைவிருக்கும். 2020இல் கல்வானில் மாண்ட ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் மண்ணிலேயே அடக்கமானதை, ஊரடங்கு நேரத்திலும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மகன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிற உரிமை தாய்க்குக் கிடைத்தது, முன்னேற்றம் என்று எதையாவது மனமறிந்து சொல்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். எதிர்வீட்டு அத்தைக்கு அது கிடைக்கவில்லை. சாகும்வரை, பெட்டிதானே வந்தது, ஆள் எங்காவது இருப்பான் என்று நம்பினாள். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது நாடே பழைய நினைவில் உருகியது. எங்கள் தெருவில் அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

கார்கிலுக்குப் பிறகு எங்கள் ஊரிலும் புதுச் சின்னம் வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கறுப்பு கிரானைட் தூண், மேலே தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் அதன்மேல் இரும்புத் தொப்பியும், முன்னால் கொடிக்கம்பம், இரவில் மூவண்ண விளக்கு. 1962 முதல் விழுந்த ஒவ்வொருவர் பெயரும் பொன்னெழுத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் பெயரைத் தடவிப் பார்த்து நான் கண்கலங்கியதுண்டு. சுதந்திர தினத்தன்று பிள்ளைகள் மலர்வளையம் வைக்கிறார்கள், ட்ரோன் படம் எடுக்கிறது. டிசம்பர் 7ஆம் தேதிக் கொடிநாளுக்கு நாங்கள் சில்லறை கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, மாலைவரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த காகிதக் கொடி இப்போது அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது. விடியற்காலையில் ஏரிக்கரைமேல் ஆளெடுப்புக்காக ஓடும் பையன்களின் காலடிச் சத்தம் மட்டும் அன்றுபோலவே கேட்கிறது. அன்று அண்ணன்கள் பதினைந்து, இருபது வருஷத்துக்குப் போனார்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் இவர்கள் நாலு வருஷத்துக்குப் போகிறார்கள், அதற்குமேல் நூற்றுக்கு 25 பேர்வரைதான் தொடர முடியும். அந்தப் பையன்களில் ஒருவனை நிறுத்தி, தூணில் இருக்கும் பெயர்களில் எத்தனை பேரின் வீடு தெரியும் என்று கேட்டேன். தன் பெரிய தாத்தா வீட்டை மட்டும் சரியாகக் காட்டினான்.

பழைய சாவடி விரிசல் விட்டுவிட்டது, இடித்துவிட்டுப் பஞ்சாயத்துக் கட்டடம் கட்டப் போகிறார்கள். சலவைக்கல்லை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது முன்னாள் படைவீரர்கள் கூடி, அதைப் பெயர்த்துப் புதுத் தூணின் பக்கத்தில் நிறுத்துவது, பக்கத்தில் ஒரு பலகைக்கல் வைத்து அந்த எண்களுக்கு உரியவர்களின் பெயர்களைத் தமிழில் வெட்டுவது என்று முடிவெடுத்தோம். நான் படைவீரன் இல்லை, கடிதம் எழுதியவன் என்ற முறையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பெயர் தேடி அலைகிறோம். ஆயா சொன்னவற்றில் எனக்கு நினைவிருப்பவை சில, பதிவேட்டில் அகப்பட்டவை சில. மிச்சத்துக்கு மெடலைத் தேடுகிறோம், ஏனென்றால் அந்தப் போருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பில் சிப்பாயின் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடியெழுத்தில் இருக்கும். வீடு வீடாகக் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பாட்டி காலத்திலேயே உருக்கிக் கொலுசு பண்ணிட்டாங்களே! பஞ்ச காலத்தில் பசிக்கு விற்றவர்களும் உண்டு.

பழைய சேரியில், இன்றைய காலனியில், ஒரு வீட்டில் மெடல் இருந்தது. அரிசிப் பானை வைக்கும் பலகைக்குப் பின்னால், துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். வெள்ளி கறுத்து, ராஜாவின் மூக்குத் தேய்ந்து, ஆனால் விளிம்பு அப்படியே. புளி போட்டுத் துலக்கி, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பிடித்து எழுத்துக் கூட்டினேன். தெருவில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போவாரே, அவருடைய அண்ணன். அந்த வீட்டுப் பேரன் இன்று பஞ்சாயத்தில் உறுப்பினர், கல் வைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. கல்லில் ஏறுவதற்கு முன்னால் காகிதத்தில் ஏறவேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம்.

இன்னும் சிலர் அகப்படவில்லை. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் குடிபோன குடும்பங்கள் அவை. தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இதற்கிடையில் கூட்டத்தில் ஏகப்பட்ட வாதம். பதவி வரிசையில் போடுவதா, அகரவரிசையா? சண்டையில் குண்டடிபடாமல் பஸ்ராவில் காய்ச்சலில் செத்தவரைச் சேர்ப்பதா? அகரவரிசை போதும், காய்ச்சலில் செத்தவரும் ஊரைவிட்டுப் போய்த்தான் செத்தார் என்று நான் சொன்னேன், அது ஏற்கப்பட்டது. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். பெயரோடு தகப்பன் பெயரையும் வெட்டினால் செலவு இரண்டு மடங்காகும், இருக்கிற வசூலுக்கு அது தாங்காது என்று கணக்குப் பார்க்கிறவர் காகிதத்தை நீட்டினார். கடைசி பெஞ்சில், முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த ஹவில்தார் அண்ணன் எழுந்தார். சின்ன வயதில் நாங்கள் கூட்டு ரோட்டிலிருந்து பெட்டி தூக்கி வந்தவர்களில் இன்னும் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

“இன்னாப்பா கணக்கு பாக்கற? அப்பன் பேரு இல்லாம எவன் வூட்டுப் புள்ளன்னு எப்படித் தெரியும்? போடச் சொல்லு. என் மாசப் பென்ஷன் வருது, எடுத்துக்கோ.”